லானுக்கு பார்டர் கட்டும்போது வரும் தவறுகள்

நூல் கோணலாகப் பிடிப்பது, செங்கல்லை எண்ணாமல் வாங்குவது போன்ற பிழைகள் அன்றே கண்ணில் பட்டுவிடும். அன்றே சரியும் செய்துவிடலாம். கீழே சொல்பவை அப்படியல்ல. ஐப்பசி மழை வரும்வரை வாயைத் திறக்காது.

பார்டரை உயர்த்திக் கட்டுவது

எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் "மூணு அங்குலமாவது மேல தெரியணும், அப்பதான் பார்க்க எடுப்பா இருக்கும்" என்பார். வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார். ஆண்டுதோறும் புதிதாக லான் போடுகிறவர்கள் அலுக்காமல் செய்யும் தவறு இது. செலவும் இதில்தான் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். லானுக்கு 8 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் கொடுப்பது வழக்கம். வீட்டுச் சுவரிலிருந்து செடிப் பாத்தி வரை 20 அடி என்றால் இறக்கம் மொத்தம் இரண்டரை அங்குலம். அந்தத் தாழ்ந்த முனையில் 3 அங்குலத்துக்கு சிமென்ட் பூசிய செங்கல் வரிசை குறுக்கே நிற்கிறது. தேங்கும் தண்ணீர் பார்டரைத் தாண்டி வழிவதற்கு முன்பே பின்வாங்கி வீட்டுச் சுவரைத் தொட்டுவிடும். அங்கேயும் அரை அங்குலம் நிற்கும். லானுக்கு வேலி கட்டுவதாக நினைத்துக் குளத்துக்குக் கரை கட்டியிருக்கிறார்கள்.

மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போனால் வேர் மூச்சுமுட்டும். கொரியன் புல் முதலில் மஞ்சளாகும், பிறகு கையால் இழுத்தால் பாய் மாதிரி பிய்ந்து வரும். அடியில் சாக்கடை நாற்றம் அடிக்கும். "பூச்சி விழுந்திருக்கு" என்று மருந்து வாங்கித் தெளிப்பார்கள். பார்டரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சரியான உயரம் என்ன? புல் பதிந்து முடிந்த பிறகு இருக்கும் மண்மட்டத்துக்கு மேல் அதிகபட்சம் அரை அங்குலம். புல்வெட்டும் மெஷினின் ஒரு சக்கரம் செங்கல்மேல் ஏறி ஓட வேண்டும். அப்போதுதான் ஓரப்புல்லும் வெட்டுப்படும், கத்தரிக்கோலோடு உட்கார வேண்டியிருக்காது. புல் பாய் 1 அங்குல கனம் என்பதால், பாய் விரிக்கும் முன் மண் செங்கல் தலையிலிருந்து ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். புதிதாகக் கொட்டிய செம்மண் கட்டாயம் அமுங்கும். இரண்டு மூன்று முறை நன்றாக நனைத்து, ஒரு வாரம் விட்டு, அதன் பிறகே மட்டம் பாருங்கள். கண்ணை நம்பாமல் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) பிடியுங்கள்.

தாழ்ந்த பக்கத்தில் 4 அடிக்கு ஒரு இடத்தில், ஒரு விரல் நுழையும் அளவுக்கு இணைப்பில் சிமென்ட் வைக்காமல் விடுங்கள். அந்த இடைவெளியின் அடிப்பாகம் மண்மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே வைத்தால் பயனில்லை. பூசுவதற்கு முன் ஹோஸைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நின்று பாருங்கள், தண்ணீர் எங்கே தயங்குகிறது என்று தெரிந்துவிடும். பாத்தியில் மண்ணை மேடாகக் குவித்திருந்தால் அதுவும் இன்னொரு கரைதான். அதன் ஊடே கூழாங்கல் நிரப்பிய சிறு வாய்க்கால் ஒன்றை மழைநீர்ச் சேகரிப்புக் குழிவரை விடுங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமான பிறகு வந்த வீடுகளில் குழி எப்படியும் இருக்கும், தண்ணீர்தான் அதுவரை போய்ச் சேர்வதில்லை.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? தாழ்ந்த பக்கத்தில் பத்துக்கு ஒரு கல்லை உளியால் பெயர்த்து, குழியை ஆழமாக்கி, மண்மட்டத்துக்கு இறக்கிப் பதியுங்கள். அழகு கொஞ்சம் குறையும், புல் பிழைக்கும்.

ஆழம் போதாமை

செங்கல்லைப் படுக்கவைத்து மேலாகப் பதித்தால் அருகம்புல் அடியில் புகுந்து ஒரே மழையில் ரோஜாப் பாத்திக்கு வந்துவிடும். 9 அங்குலக் கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். அடியில் 2 அங்குலம் கிரஷர் தூள் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள்) போட்டு, நனைத்து, திம்சுக் கட்டையால் இடித்துவிட்டு, அதன்மேல் கல். மேலே அரை அங்குலம் தெரிய வேண்டுமென்றால் குழி பத்தரை அங்குலம். 4 அங்குல முகம் வரிசையில் வருமாறு வைத்தால் அடிக்கு 3 கல். 30 அடிக்கு 90, உடைசலுக்கு ஐந்தாறு கூடுதல்.

கோரையை எந்த பார்டரும் நிறுத்தாது. கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

வேகாத செங்கல்

இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் எடுக்கலாம். மொத்தென்று கேட்டால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஈரமண்ணில் உப்பரித்துப் பொரிப் பொரியாக உதிரும், கடலோரத்தில் இன்னும் சீக்கிரம்.

கரிசலில் சிமென்ட் பூச்சு

கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மண் அசைய அசைய இறுகிய சிமென்ட் விரிசல் விடும். கிரஷர் தூளை 4 அங்குலமாக்கி, குழியையும் அதற்கேற்ப ஆழப்படுத்தி, கல்லைப் பூச்சில்லாமல் நெருக்கி வையுங்கள். ஒரு கல் சாய்ந்தால் அதை மட்டும் எடுத்து நிமிர்த்தலாம்.

பிளாஸ்டிக் பார்டர்

சுருளைப் பிரித்து ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டுப் பதியுங்கள். ஆணி நேர்கோட்டில் இரண்டரை அடிக்கு ஒன்று, வளைவில் அடிக்கு ஒன்று. ஆணியில் மிச்சம் பிடித்தால் சித்திரை வெயிலில் பாம்பு மாதிரி நெளிந்து மேலே வரும்.

சவுக்குக் கட்டை

கரையானுக்கு விருந்து.

சொட்டுநீர்க் குழாய், தோட்ட விளக்கு வயர்

பதித்தவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கடப்பாரையை எடுங்கள்.