பதின்பருவத்தினருக்கு மெனிங்கோகாக்கல் தடுப்பூசி: கடலோர ஊர்களில் முகாம் நடத்தும் முறை

கீழக்கரையிலோ தொண்டியிலோ விடுதி மாணவர் ஒருவருக்கு மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சல் உறுதியானால், ஊரார் முதலில் கேட்பது தடுப்பூசியைத்தான். ஆனால், எதிர்ப்பாற்றல் உருவாகப் பத்து நாட்கள் வரை ஆகலாம். கிருமி தொற்றியவருக்கோ பெரும்பாலும் நான்கைந்து நாட்களிலேயே நோய் கண்டுவிடும். எனவே அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்து, நோயாளியுடன் ஒரே அறையில் உறங்கியவர்களுக்கும் வீட்டாருக்கும், நோய் வராமல் தடுக்க மருத்துவர் தேர்ந்தெடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தை, இயன்றால் 24 மணி நேரத்துக்குள், கொடுத்துவிட வேண்டும். முகாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, கிருமி எந்த வகை என்பதை ஆய்வக முடிவிலிருந்து அறிய வேண்டும். ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளுக்கான ஊசி பி வகையைத் தடுக்காது. பதின்பருவத்தினரைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் இதனோடு சேர்ந்ததே. நோயின்றியே கிருமியைத் தொண்டையில் சுமந்து பிறருக்குப் பரப்புவோர் அந்த வயதில்தான் அதிகம். பிரிட்டன் 1999இல் சி வகைக்கான இணைப்புத் தடுப்பூசியை (கிருமியின் மேலுறைச் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்துச் செய்தது)ப் பதின்பருவத்தினருக்கும் சேர்த்துப் போட்டபோது, ஊசி போடாதவர்களிடமும் நோய் குறைந்தது. ஆனால், தெற்கு ஆஸ்திரேலியாவில் பள்ளி மாணவர்களுக்கு பி வகை ஊசி போட்டுப் பார்த்ததில், தொண்டையில் கிருமி குறையவில்லை. ஆகவே பி வகை பரவினால், போட்டுக்கொண்டவருக்கு மட்டுமே பாதுகாப்பு என்று கருதி, ஒருவரையும் விடாமல் போட வேண்டும்.

பள்ளிப் பதிவேடு மட்டும் போதாது. படிப்பை விட்டுப் படகேறிய பிள்ளைகள் அதில் இல்லை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் நாளின் மாலையில், மீன் இறங்குதளத்தின் அருகிலேயே ஓர் அமர்வு வைப்பது நல்லது. தயங்கும் பெற்றோரிடம் ஹஜ் சென்று வந்தவர்களைப் பேசச் சொல்லலாம். சவூதி அரசு பயணிகளிடம் கட்டாயமாகக் கேட்பது இந்த நான்கு வகை ஊசியைத்தான்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். உறைந்தால் கெட்டுவிடும் என்பதால், நம் ஊரில் எளிதில் கிடைக்கும் மீன் ஐஸ்பெட்டியில் வைக்கவே கூடாது. வெறும் வயிற்றில் வருபவர்கள் ஊசியைக் கண்டே மயங்குவதுண்டு. உண்ணச் சொல்லி, உட்காரவைத்துப் போட்டு, அரை மணி நேரம் கவனிக்க வேண்டும்.

முகாம் முடிந்த பின்னும், காய்ச்சலுடன் கடும் தலைவலியோ, கழுத்து விறைப்போ, கண்ணாடிக் குவளையை அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகளோ தோன்றினால், ஊசி போட்டவரேயானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.