எருக்கம்பால் கண்ணில் படாமல் பூப் பறிப்பது எப்படி?

விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டுவதற்காக, ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் எருக்கம்பூ பறித்து வரச் சிறுவர்களை அனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அரளியின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியின் பாலில் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய நச்சுப் பொருள்கள் உள்ளன. ஆனால் பூப் பறிப்பவர் முதலில் அஞ்ச வேண்டியது, அந்தப் பால் கண்ணில் தெறிப்பதற்கே.

கையுறையும் கண்ணாடியும் அணிந்த பெரியவர் ஒருவரே பறிப்பது நல்லது. முகத்துக்கு மேலே உள்ள கொத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒடிக்காமல், கிளையை மார்பு உயரத்துக்குக் கீழே வளைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு கத்தரிக்கோலால் நறுக்குங்கள். நறுக்கிய கொத்துகளை வாளித் தண்ணீரில் போட்டு அலசியெடுத்தால், காம்பில் வடியும் பால் பெருமளவு கழுவப்பட்டுவிடும். மொட்டுகளை அழுத்தி வெடிக்கச் செய்து விளையாடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். மாலை கட்டி முடித்தபின் சோப்பால் கைகழுவும்வரை ஒருவரும் கண்ணைக் கசக்கலாகாது.

எவ்வளவு கவனமாக இருந்தும் பால் கண்ணில் பட்டுவிட்டால், இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் என எதையும் விடாதீர்கள். இந்தப் பாதிப்பில் வலி குறைவாகவோ இல்லாமலோ இருந்து, சில மணி நேரத்தில் கருவிழி வீங்கிப் பார்வை பனிமூட்டம்போல் மங்கக்கூடும் என்பதால், வலியில்லை என்று இருந்துவிடாமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோருக்குப் பார்வை மீள்கிறது. மருந்துக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து கேட்டு வாங்க வேண்டாம்.

மூட்டுவலிக்கு எருக்கிலையை எண்ணெய் தடவி வாட்டி ஒத்தடம் கொடுப்பது பழைய கைவைத்தியம். அதைச் செய்வோர் புண்ணோ கீறலோ உள்ள தோலைத் தவிர்த்து, எரிச்சல் தோன்றியவுடன் நிறுத்திவிட வேண்டும். சித்த மருத்துவர்கள் எருக்கை முறைப்படி சுத்தி செய்த பிறகே உள்மருந்தில் சேர்க்கிறார்கள். வீட்டில் எவரும் அதை உட்கொள்ள முயலவே கூடாது.

ரத சப்தமியன்று எருக்கிலையைத் தலையில் வைத்து நீராடும்போதும் இதே கவனம் வேண்டும். முந்தைய நாளே இலைகளைப் பறித்து, காம்பின் பாலை நன்றாகக் கழுவி உலர்த்தி வைத்துக்கொண்டு, நீர் ஊற்றும்போது குழந்தைகளைக் கண்களை இறுக மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.