கிளையண்ட் வெப்சைட்டை எதில் கட்டுவது: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி வெப்சைட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பற்றி, மெஷின்கள், சான்றிதழ்கள், பொருட்களின் படங்கள், ஒரு என்கொயரி ஃபார்ம், முகவரி, அவ்வளவுதான். வருடத்துக்கு இரண்டு தடவை படம் மாறும், சான்றிதழ் புதுப்பித்தால் அந்த பிடிஎஃப் மாறும். இதற்கு ஒருவர் நெக்ஸ்ட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்), ஹெட்லெஸ் சிஎம்எஸ் (தோற்றத்தை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் நிர்வகிக்கும் மென்பொருள்), தனி டேட்டாபேஸ் என்று அடுக்குவார். இன்னொருவர் வேர்ட்பிரஸில் (அட்மின் பேனல் வழியாக சைட்டை நிர்வகிக்கும் மென்பொருள்) பேஜ் பில்டர் (இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் கருவி) போட்டு, அதற்கு மேல் இருபது பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) ஏற்றுவார். இரண்டு பேருமே கிளையண்டைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, தனக்கு எது கைவந்ததோ, எதைக் கற்றுக்கொள்ள ஆசையோ அதைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார்கள். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

கொட்டேஷன் அடிப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: சைட்டை ஒப்படைத்த பிறகு அதில் யார், எதை, எவ்வளவு அடிக்கடி மாற்றப் போகிறார்கள்? மேலே சொன்ன பனியன் கம்பெனியில் யாரும் அட்மின் பேனல் பக்கமே போகப் போவதில்லை, மாற்றம் வந்தால் உங்களுக்குத்தான் வாட்ஸப் வரும். அங்கே ஆஸ்ட்ரோ, ஹியூகோ மாதிரி பக்கங்களை முன்கூட்டியே தயாரித்துத் தரும் கருவி ஒன்றில் நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாகக் கொடுத்துவிட்டால் போதும். ஹோஸ்டிங் செலவு சொற்பம், அப்டேட் தொல்லை இல்லை, ஹேக் செய்ய லாக்இன் பக்கமோ டேட்டாபேஸோ கிடையாது. ஆனால் வாரத்துக்கு வாரம் விலையும் ஐட்டமும் மாறுகிற ஒரு ஸ்வீட் கடை, கவுண்டரில் இருப்பவரே போனில் மாற்ற வேண்டும் என்றால், அங்கே எச்டிஎம்எல் பக்கம் கொடுப்பது அநியாயம். வேர்ட்பிரஸ் அங்கேதான் சரி.

நிலையான பக்கங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் வழக்கமாகக் கோட்டை விடுகிற இடம் என்கொயரி ஃபார்ம். அதற்குப் பின்னால் ஏதாவது ஒன்று மெயில் அனுப்பியாக வேண்டும், அதற்கு ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு சின்ன பிஎச்பி (சர்வரில் ஓடும் புரோகிராம் மொழி) கோப்பை வைத்து மெயில் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். டெஸ்ட் பண்ணும்போது தன் இன்பாக்ஸுக்கு வருகிறது, சரி என்று விட்டுவிடுகிறார்கள். அந்த டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டுகள் (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வருகிறது என்று காட்டும் பதிவுகள்) சரியாக இல்லையென்றால் கிளையண்டுக்குப் போகிற மெயில் ஸ்பேமில் விழும், சில சமயம் வந்து சேரவே சேராது. ஜெர்மனியிலிருந்து ஒரு பையர் சாம்பிள் கேட்டு எழுதியிருப்பார், கம்பெனியில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஹோம்பேஜ் அனிமேஷனுக்குச் செலவழிக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்து, முறையாக எஸ்எம்டிபி வழியாக, அதாவது லாக்இன் செய்த ஒரு மெயில் சர்வர் மூலம் அனுப்பி, ஒரு நகலை கூகுள் ஷீட்டிலோ வேறெங்காவதோ சேமித்து வையுங்கள். வேர்ட்பிரஸுக்கும் இதே கதைதான்.

அடுத்தது ரெடிமேட் தீம், அதாவது வேர்ட்பிரஸ் சைட்டின் தோற்றத்துக்கான தயார் டிசைன். காசு கொடுத்து வாங்கும் பெரிய தீம்களோடு ஸ்லைடர் (மாறி மாறி ஓடும் படங்கள்), பேஜ் பில்டர் என்று சில பிளகின்கள் இலவசமாக வரும், நல்ல டீல் மாதிரி இருக்கும். சிக்கல் என்னவென்றால் அந்த பிளகினின் லைசென்ஸ் தீம் செய்தவரிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. பிளகின் கம்பெனி பாதுகாப்பு ஓட்டையை அடைத்து புது வெர்ஷன் விட்டாலும் உங்கள் சைட்டுக்கு அது தானாக வராது, தீம்காரர் தன் அடுத்த அப்டேட்டில் சேர்த்தால்தான் உண்டு. 2014-ல் ஸ்லைடர் ரெவல்யூஷன் பிளகினில் ஒரு ஓட்டை வெளியானபோது இதுதான் நடந்தது. திருத்திய வெர்ஷன் ஏற்கெனவே வந்திருந்தும், தங்கள் தீமுக்குள் அந்த பிளகின் இருப்பதே தெரியாத சைட்டுகள் அந்த டிசம்பரில் சோக்சோக் என்கிற மால்வேரிடம் மொத்தமாக மாட்டின. நல்ட் தீம், அதாவது கிராக் செய்த தீமைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதை கிளையண்ட் சைட்டில் போடுகிறவரிடம் இந்த வேலையையே கொடுக்கக் கூடாது.

தீமின் கோப்புகளில் நேரடியாகக் கை வைப்பதும் இன்னும் ஓயவில்லை. சைல்டு தீம் (நம் மாற்றங்களை மட்டும் தனியாக வைக்கும் துணைத் தீம்) போடாமல் மாற்றினால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துபோகும். அதற்குப் பயந்து அப்டேட்டையே நிறுத்தி வைப்பார்கள், அது இன்னும் மோசம்.

பேஜ் பில்டர் வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். டபிள்யூபிபேக்கரி என்கிற பேஜ் பில்டரில் கட்டிய ஒரு பழைய சைட்டில் அந்த பிளகினை அணைத்துப் பாருங்கள், பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் ஷார்ட்கோடுகள், அதாவது அந்த பிளகினுக்கு மட்டுமே புரியும் குறியீடுகள்தான் மிஞ்சும், இடையிடையே கிளையண்டின் வாசகங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். சின்ன பிசினஸ் சைட்டுக்கு, 2018-லிருந்து வேர்ட்பிரஸோடு வருகிற, பத்தி, படம் என்று துண்டுதுண்டாக அடுக்கும் பிளாக் எடிட்டரே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. அது பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தெரியும்.

இதற்கு நேரெதிர் ஆட்களும் உண்டு, எல்லாவற்றையும் சொந்தமாகவே எழுதுவார்கள். சொந்த அட்மின் பேனல், சொந்த லாக்இன், சொந்த படம் ஏற்றும் வசதி. எழுதும்போது ஜாலியாக இருக்கும். அப்புறம் அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விடுவார், பிஎச்பி வெர்ஷன் மாறும் (7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது), ஹோஸ்டிங்காரர் புது வெர்ஷனுக்கு மாற்றுவார், சைட் வெள்ளைத் திரையாக நிற்கும், அடுத்து வருகிற டெவலப்பர் கோடிங்கைத் திறந்து பார்த்துவிட்டு "புதுசா பண்ணிடலாம் சார்" என்பார். நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் புதிதாக எழுதுவதைவிட, உங்களுக்கென்று ஒரு அடிப்படைத் தொகுப்பு வைத்துக்கொள்வது நல்லது: ஒரே ஸ்டார்ட்டர் தீம் (மேலே கட்டிக்கொள்வதற்கான வெறும் அடிப்படைத் தீம்), நன்றாகத் தெரிந்த நாலைந்து பிளகின், பேக்அப், ஃபார்ம் செட்டிங். ஒவ்வொரு கிளையண்டுக்கும் அதிலிருந்தே தொடங்கலாம்.

தமிழில் சைட் கேட்கிற கிளையண்ட் என்றால் இன்னொன்று. டிசைனை ஆங்கில டம்மி வாசகம் வைத்து முடித்துவிட்டுக் கடைசியில் மேட்டர் கேட்காதீர்கள். 'ஹோம், அபவுட், காண்டாக்ட்' என்று அழகாக ஒரே வரியில் நின்ற மெனு, 'முகப்பு, எங்களைப் பற்றி, தயாரிப்புகள், தொடர்புக்கு' என்று ஆனதும் இரண்டாவது வரிக்கு இறங்கிவிடும். வரி இடைவெளியை இறுக்கி வைத்திருந்தால் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் மோதும். வருகிற மேட்டர் பெரும்பாலும் டிடிபி சென்டரில் பாமினி என்கிற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைலாக இருக்கும், சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பை தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்தி, பிறகுதான் ஏற்ற வேண்டும். இந்த வேலையை எஸ்டிமேட்டில் சேர்க்காதவர்கள்தான் கடைசி வாரம் ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்கள்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக: பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அதை ஆபீஸ் வைஃபையில் மேக்புக்கில் பார்த்துத் திருப்திப்படாமல், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீடியோவும் ஸ்லைடரும் வேண்டாம் என்று கிளையண்டே சொல்லிவிடுவார்.

ஆன்லைன் விற்பனை என்றால் கணக்கு வேறு. வேர்ட்பிரஸில் கடை போடும் பிளகினான வூகாமர்ஸ் இலவசம் என்று சொல்லி விற்றுவிட்டு, அப்டேட்டையும் பேக்அப்பையும் யார் பார்ப்பது என்று பேசாமல் விட்டுவிடுகிறார்கள். பார்க்க ஆள் இல்லாத கடைக்கு, பராமரிப்பையும் தானே பார்த்துக்கொள்ளும் ஆன்லைன் கடைச் சேவையான ஷாப்பிஃபையின் மாதச் சந்தாவே மலிவு. சைட் கட்டும் ஆன்லைன் சேவையான விக்ஸில் போடுவதானால் அந்த சைட்டை அப்படியே வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துப் போக முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதில் கட்டினாலும் டொமைன் கிளையண்டின் பெயரிலும் அவருடைய மெயில் ஐடியிலும் இருக்கட்டும். வருடப் பராமரிப்புத் தொகையைக் கட்டுமானச் செலவோடு கலக்காமல், அதில் என்னென்ன அடங்கும் என்பதோடு கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடுங்கள். "இவ்வளவு சின்ன சைட்டுக்கு எதுக்கு வருஷா வருஷம்?" என்று கண்டிப்பாகக் கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் நேர்மையான பதில் இல்லையென்றால், ஒருவேளை அந்த சைட்டுக்கு வேர்ட்பிரஸே தேவையில்லாமல் இருக்கலாம்.