கையுறைக்குள்ளும் கை இருக்கிறது

மருத்துவமனை வார்டில் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சோப்பு போடத் தெரியாமல் இல்லை. விரலிடுக்கு, கட்டைவிரல், விரல்நுனி என்று எல்லாமே வாஷ்பேசின் மேலே படமாக ஒட்டியிருக்கிறது. அனுபவசாலிகள் ஒரு காலத்தில் செய்து, இன்று புதியவர்கள் அப்படியே தொடரும் தவறுகள் வேறு.

ஒரே கையுறையோடு எல்லாவற்றையும் தொடுவது

காலை ஷிஃப்டில் எந்த வார்டிலும் பார்க்கலாம். யூரின் பேக்கைக் காலி செய்யக் கையுறை போடுகிறார்கள். காலி செய்ததும் அதே கையால் பேனாவை எடுத்து அளவைக் குறிக்கிறார்கள், கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறார்கள். மானிட்டர் கத்துகிறது, பட்டனை அழுத்துகிறார்கள். டிரிப் முடிந்திருக்கிறது, லைனைக் கழற்றி அடுத்த மருந்தை மாட்டுகிறார்கள். திரையை இழுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போகிறார்கள். சிறுநீர்ப் பையில் இருந்த கிருமி, நேரே ரத்தத்துக்குப் போகும் குழாயின் வாய்வரை வந்து சேர்ந்துவிட்டது. அடுத்து யார் பேனாவைத் தொட்டாலும் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கையுறை போட்டவரின் தோலை அது காக்கிறது. நோயாளிக்கு அது இன்னொரு தோல்தான். வெறுங்கையில் கிருமி ஒட்டுவதுபோலவே அதிலும் ஒட்டும். வெறுங்கையில் ஈரமோ பிசுபிசுப்போ பட்டால் உடனே கழுவத் தோன்றும். கையுறைக்குள் அந்த உணர்வு வருவதே இல்லை. பாதுகாப்பாக வேலை செய்கிறோம் என்று முழுமனதாக நம்பிக்கொண்டே செய்யும் தவறு இது. அதனால்தான் எத்தனை முறை பார்த்தாலும் ஆறவில்லை.

1847-ல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டதும் இதே வழித்தடம்தான். பிரேதப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவம் பார்க்க வந்த கைகளைக் குளோரின் கரைசலில் கழுவ வைத்தார். பிரசவக் காய்ச்சல் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அந்த மருத்துவர்கள் கையுறை போட்டிருந்து, அதைக் கழற்றாமலே வந்திருந்தால், தாய்மார்களுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது.

ஒரு வேலைக்கு ஒரு ஜோடி. ஒரே நோயாளி என்றாலும், அழுக்கான இடத்திலிருந்து சுத்தமான இடத்துக்குப் போகும் முன் மாற்ற வேண்டும். பேக் காலியானதும் கையுறை குப்பைக்கு, கைக்கு ஹேண்ட் ரப் (ஆல்கஹால் சானிடைசர்), அதன்பிறகுதான் பேனா. நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல்திரவம் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லும் ஐந்து தருணங்களும் கையுறை போட்டவருக்கும் உண்டு. கையுறையோடு இருக்கும்போது அந்தத் தருணம் வந்தால், கழற்றிவிட்டுக் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கழற்றியதோடு முடிந்தது என்று நினைப்பது

கண்ணுக்குத் தெரியாத துளைகள் புதுக் கையுறையிலும் இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கம் மணிக்கட்டில் உரசும். ஒரு கையுறையின் வெளிப்புறத்தை மணிக்கட்டருகே கிள்ளிப் பிடித்து, உட்புறம் வெளியே வருமாறு உரித்து, மற்ற கைக்குள் சுருட்டிக்கொள்ளுங்கள். பிறகு வெறும் விரலை அடுத்த கையுறையின் உட்பக்கமாக நுழைத்து அதையும் புரட்டி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் துளி தெறிக்கும். முடிந்ததும் கையைச் சுத்தம் செய்யுங்கள்.

கையுறை மேலேயே சானிடைசர்

கூடாது. கழற்றுங்கள்.

ஈரக்கையில் ஹேண்ட் ரப்

ஈரம் ஆல்கஹாலை நீர்த்துப்போகச் செய்யும். உலர்ந்த கையில், இரு கையும் முழுக்க நனையும் அளவு எடுத்து, 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். அது காயும் முன் கையுறை போட்டால் தோல் எரியும், நாளடைவில் வெடிக்கும். வெடித்த கையோடு யாரும் விரும்பிக் கழுவப் போவதில்லை. தொற்று அங்கே தொடங்கும். சோப்பால் கழுவிய உடனே ஹேண்ட் ரப்பும் போடுவது இதே வெடிப்பைத்தான் தரும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ இருந்தால் சோப்பு, 40 முதல் 60 விநாடி. மற்ற நேரங்களில் பெரும்பாலும் ரப் போதும்.

ஒரு முக்கியமான விலக்கு: கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியால் பேதியாகும் நோயாளியிடம் ஹேண்ட் ரப்பை நம்பாதீர்கள். அதன் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் கிருமி வடிவம்) ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அவற்றைக் கையிலிருந்து அகற்றும்.

மோதிரம், ஒட்டு நகம்

வேண்டாம். சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

தேவையில்லாத இடத்தில் கையுறை

நாடி பார்க்க, பி.பி. எடுக்க, போன் பேச, கேஸ் ஷீட் எழுதக் கையுறை வேண்டாம். தொடுதல் வழியாகப் பரவும் தொற்றுக்காகத் தனிமைப்படுத்திய நோயாளி என்றால் மட்டும் விதி வேறு. இந்த வேலைகளுக்குப் போட்டுக்கொண்ட ஜோடிதான் பிறகு கழற்றப்படாமல் அடுத்த கட்டிலுக்கும் போய்ச் சேருகிறது.