துர்முஸ் பருப்பு: கசப்பு போனால் ஆபத்தும் போகுமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு கிடையாது. விடுமுறைக்கு வருகிற மச்சான் பேரீச்சம்பழத்தோடு ஒரு பொட்டலம் துர்முஸையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். எகிப்திலும் லெபனானிலும் தெருவோரம் வாங்கித் தோலைப் பிதுக்கிவிட்டுக் கொறிக்கிற பருப்பு இது. லூபின் என்ற செடியின் விதை. காய்ந்த நிலையில் வெள்ளை மொச்சை மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் மொச்சையைவிடத் தட்டை, மூலை மழுங்கிய சதுரம், பக்கவாட்டில் லேசான குழி. இந்த வித்தியாசம் தெரியாமல் மொச்சை டப்பாவில் கொட்டி வைப்பதிலிருந்தே தவறுகள் ஆரம்பிக்கின்றன.

ராத்திரி ஊறப்போட்டு, காலையில் குக்கரில் நாலு விசில் விட்டு, தாளித்துத் தேங்காய் தூவினால் கொண்டைக்கடலைச் சுண்டல் தயார். கசப்பு ரகத் துர்முஸை இப்படிச் செய்து சாப்பிடக் கூடாது. அதில் லூபனின், ஸ்பார்ட்டீன் போன்ற ஆல்கலாய்டுகள், அதாவது கசப்பான நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. சூட்டில் அவை அழியாது, தண்ணீரில் கரைந்துதான் வெளியேற வேண்டும். அரைகுறையாகக் கசப்பெடுத்துச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாய் வறளும், கண்மணி விரிந்து பார்வை மங்கும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் பிரியாது. சரியான முறைக்குப் பொறுமை வேண்டும். ஒரு ராத்திரி ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு நாலைந்து நாள், தினமும் இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் கெட்டுவிடும், ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்புங்கள். துளி கசந்தாலும் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம்.

வடித்த தண்ணீரை ஆட்டுக்கு வைக்கிற கழுநீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டு லூபினை மேய்ந்து ஆடுகள் செத்திருக்கின்றன. சினை மாடு மேய்ந்தால் கன்று கால் கோணிப் பிறப்பதும் உண்டு.

இனி சொல்வதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிற தவறு. “கசப்பு போயிடுச்சுல்ல, இனி பயமில்ல லாத்தா” என்று நினைப்பது. கசப்பு ஒரு விஷயம், ஒவ்வாமை முற்றிலும் வேறு விஷயம். கசப்பு ஆல்கலாய்டால் வருவது. ஒவ்வாமையோ விதையின் புரதத்தால் வருவது. எத்தனை தண்ணீர் மாற்றினாலும் புரதம் போகாது, சாதாரணமாக வேகவைப்பதிலும் அது அடங்காது. கசப்பே இல்லாத ‘இனிப்பு லூபின்’ ரகத்திலும் அதே புரதம்தான். லூபினும் நிலக்கடலையும் ஒரே பயறுவகைக் குடும்பம். இரண்டின் சேமிப்புப் புரதங்களும் ஒத்த சாயலில் இருப்பதால், கடலைக்குச் சீறுகிற உடம்பு சிலருக்கு லூபினுக்கும் சீறும். 1994-இல் அமெரிக்காவில் முதலில் பதிவான நோயாளியே கடலை ஒவ்வாமை உள்ள ஒரு ஐந்து வயதுச் சிறுமிதான். அவள் சாப்பிட்டது லூபின் மாவு கலந்த பாஸ்தா. கடலை ஒவ்வாமை உள்ள எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது. கடலை ஒத்துக்கொள்கிறவருக்கும் லூபின் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பாக்கெட்டில் ஒவ்வாமை எச்சரிக்கை இல்லையே என்று நம்பிவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் லூபினை ஒவ்வாமைப் பட்டியலில் சேர்த்தது, ஆஸ்திரேலியா 2017-இல். இந்தியாவின் 2020 லேபிள் விதிகளில் நிலக்கடலை, சோயா, மீன், இறால் வகையெல்லாம் இருக்கின்றன, லூபின் இல்லை. அமெரிக்காவின் ஒன்பது முக்கிய ஒவ்வாமைப் பொருள்களிலும் அது இல்லை. ஆகவே குளூட்டன் இல்லாத பிரெட், பாஸ்தா, கீட்டோ மாவு, புரதப் பவுடர் எதுவானாலும், எச்சரிக்கைக் கட்டத்தோடு நிறுத்தாமல் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படியுங்கள். ‘லூபின்’, ‘லூபின் மாவு’ என்று அங்கேதான் இருக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று: விருந்து முடிந்து யாருக்காவது காணாக்கடி (தோல் தடித்து அரிப்பது) வந்தால் பழி உடனே இறால்மேலோ நண்டுமேலோ விழும். அவரும் அன்றோடு இறாலை விட்டுவிடுவார். உண்மைக் காரணம் அலமாரியில் அப்படியே இருக்கும். என்னென்ன தின்றார் என்று எழுதி, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றிச் சரிந்தாலோ வேப்பிலை தடவிப் பார்க்கிற நேரம் அதுவல்ல. படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். மூச்சுத் திணறுகிறவரை உட்கார வையுங்கள். தேவைப்படும் மருந்து அட்ரினலின் ஊசி. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகவே முக்கால் மணி நேரம் பிடிக்கும்போது, “கொஞ்சம் பார்ப்போம்” என்று உட்காரக் கூடாது.

சாப்பாட்டை விட்டு நிலத்துக்கு வருவோம். லூபின் வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும், மணலிலும் வளரும் என்று படித்துவிட்டு விதை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் மணலில் அது பெரிய பயிர்தான். ஆனால் அது அமில மணல், குளிர்கால மழை. நம் கரையோர மணல் பவளமும் சிப்பியும் கலந்த சுண்ணாம்பு மண், போதாக்குறைக்கு உப்பு. சுண்ணாம்பு மண்ணில் லூபின் இலை மஞ்சளித்துப் போகும், வெயிலில் பூ உதிரும். வேரில் தழைச்சத்தைச் சேர்க்க அதற்கென்று தனி பிராடிரைசோபியம் பாக்டீரியா வேண்டும். பாசிப்பயறுக்குக் கலக்கிற ரைசோபியம் இதற்கு உதவாது. பசுந்தாள் உரம்தான் வேண்டுமென்றால் உவர் தாங்கும் தக்கைப்பூண்டும், வறட்சி தாங்கும் கொழுஞ்சியும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன.

தழைச்சத்து தருகிற செடி என்றால் எங்கே நட்டாலும் நல்லது என்பதும் தவறான எண்ணம். 1980-இல் அமெரிக்காவில் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைச் சாம்பலில் முதலில் வேரூன்றியது லூபின். அது அந்த மண்ணின் செடி. ஐஸ்லாந்துக்கு 1945-இல் அலாஸ்காவிலிருந்து மண் அரிப்பைத் தடுக்கக் கொண்டுபோன லூபின், இன்று அங்குள்ள பாசியையும் குறுஞ்செடிகளையும் மூடிப் பரவிக்கிடக்கிறது. சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டுகிற மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதுவும் பயறுவகைக் குடும்பம்தான், அதுவும் தழைச்சத்தைச் சேர்ப்பதுதான். மணல்மேட்டைக் காக்க வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே படர்ந்திருக்கிற அடும்பையும் ராவணன் மீசையையும் பிடுங்காமல் விட்டால் போதும்.