வீசிங் உள்ளவர்கள் வேப் விஷயத்தில் செய்யும் தவறுகள்

"சிகரெட்டுக்கு இது பரவாயில்லை." ஆஸ்துமா இருந்தும் வேப் எனும் மின்சிகரெட் பிடிப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் இதுதான். ஆனால் ஆஸ்துமா நுரையீரலுக்கு வேப்பைச் சிகரெட்டோடு வைத்துப் பார்த்துப் பயனில்லை, சுத்தமான காற்றோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாயின் உட்சுவர் ஏற்கெனவே வீங்கியிருக்கிறது, சின்னதாக ஏதாவது பட்டாலே சுருங்கிவிடும். பெங்களூரில் அப்படிப்பட்டவற்றுக்குப் பஞ்சமில்லை: காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம், மெட்ரோ வேலைத் தூசி, சில்க் போர்டு சிக்னல் புகை, டிசம்பர் விடியற்காலைக் குளிர். இத்தனைக்கும் மேலே வேப் வேறு.

முதலில், அந்த வெள்ளைப் புகை நீராவி இல்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனை ரசாயனம் எல்லாம் கலந்த நுண்துளிகள் அவை. கருவிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடேறும்போது முதல் இரண்டும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை உண்டாகும். திரவம் தீர்ந்து, அதை உறிஞ்சி வைக்கும் பஞ்சு காய்ந்தபின் இழுத்தால் தொண்டையில் கருகல் காரம் ஏறுமே, அந்த இழுப்பில் இவை மிக அதிகம். இவையெல்லாம் நிகோடினே இல்லாத திரவத்திலும் உருவாகும் என்பதால் 'ஜீரோ நிகோடின்' ஆஸ்துமாக்காரருக்குப் பெரிய ஆறுதல் இல்லை. சட்டத்திலும் அது தப்பிக்கும் வழி இல்லை. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கருவிகளை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் சேமித்து வைப்பதையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆக, இங்கே கைக்கு வருவது எல்லாமே கள்ளச் சரக்கு. லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று சொல்ல யாருமில்லை.

மென்தால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதினா, ஐஸ் ரகங்களை இழுத்ததும் நெஞ்சு திறந்தது போலிருக்கும். திறப்பதில்லை. மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். குழாய் எவ்வளவு சுருங்கியிருந்ததோ அவ்வளவே சுருங்கியிருக்கும், மூச்சுத்திணறல் உணர்வு மட்டும் குறையும். தைலம் தடவினால் மூக்கடைப்பு விட்டது போலத் தோன்றுவதும் இதே கதைதான். தைலத்தோடு போனால் பரவாயில்லை. வேப்பில், குழாயை எரிச்சலூட்டும் பொருளும் எரிச்சலை மறைக்கும் பொருளும் ஒரே இழுப்பில் போகின்றன.

இன்ஹேலரைத் துணைக்கு வைத்துக்கொள்வது

இருப்பதிலேயே ஆபத்தான தவறு இது. வேப் இழுப்பது, நெஞ்சு இறுகினால் உடனடி நிவாரண மருந்தான சால்புட்டமால் இன்ஹேலரை இரண்டு பஃப் அடிப்பது, பிறகு மறுபடி இழுப்பது. சால்புட்டமால் குழாயைச் சுற்றியுள்ள தசையைத்தான் சில மணி நேரம் தளர்த்தும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. அதைக் குறைப்பது புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் அமைப்பான ஜினா, சால்புட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவை ஓட்டக் கூடாது என்று சொல்லி வருகிறது. சால்புட்டமாலும் நிகோடினும் இரண்டுமே நெஞ்சுப் படபடப்பைத் தருபவை. "மருந்து ஒத்துக்கவில்லை, கை நடுங்குது" என்று இன்ஹேலரை நிறுத்துபவர்கள் வேப்பைச் சந்தேகப்படுவதே இல்லை.

அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. வேப் பழக்கம் இன்ஹேலர் பிடிக்கும் முறையைக் கெடுக்கும். பலர் வேப்பை முதலில் வாயில் நிரப்பி, அப்புறம் உள்ளே இழுக்கிறார்கள். இன்ஹேலரையும் அப்படியே பிடித்தால் மருந்து நாக்கிலும் அண்ணத்திலும் தங்கிவிடும். சரியான முறை இது: குலுக்குங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போது ஒரே ஒரு அழுத்து. ஆழமாக இழுத்து 10 விநாடி அடக்கி வையுங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் இருந்தால் இன்னும் நல்லது. கேப்ஸ்யூல் போடும் ரோட்டாஹேலருக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், அதற்குள் ஊதவே கூடாது. ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் வாயில் வெள்ளைப் படலம் படரும்.

டாக்டரிடம் மறைப்பது

"ஸ்மோக் பண்ணுவீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று பதில். வேப் ஸ்மோக் இல்லையே என்ற நினைப்பு ஒரு பக்கம், பக்கத்தில் அம்மா நிற்பது மறுபக்கம். விளைவு, ஏன் கட்டுப்படவில்லை என்று தெரியாமல் டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எது, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது என்பதைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல், வாந்தியோடு சேர்ந்து மூச்சுத்திணறல் வந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அது வீசிங்காகவே இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்காவில் 2019-20இல் வேப் தொடர்பான நுரையீரல் காயத்தால் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள், இறப்பு 68. கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. அதற்கு இன்ஹேலர் மருந்தாகாது.

பி.ஜி.யில் ரூம்மேட் பிடிக்கிறார், நீங்கள் பிடிப்பதில்லை என்றாலும் விலக்கில்லை. வெளிவிடும் துளிகள் மூடிய அறையில் அடுத்தவர் ஆஸ்துமாவையும் கிளப்பும். பாத்ரூமில் பிடித்தால் போதும் என்பது சமாதானம்தான். கட்டில் மாற்றிப் பயனில்லை, அறையையே மாற்றிக் கேளுங்கள்.

அட்டாக் வந்தபின் காத்திருப்பது

வாக்கியத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகப் பேசுவது, கழுத்துத் தசை உள்ளே இழுபடுவது, உதடு நீலமாவது, ஆக்ஸிமீட்டரில் 92-க்குக் கீழே போவது: இதில் எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நேராக உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாகச் சால்புட்டமால் 4 பஃப் கொடுங்கள், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பார்த்துவிட்டு அதையே திரும்பக் கொடுங்கள். விசில் சத்தம் நின்றுவிட்டதே என்று மட்டும் நிம்மதி அடையாதீர்கள். ஆள் இன்னும் திணறிக்கொண்டிருக்கும்போது சத்தம் அடங்கினால், காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

விடும்போது நடப்பவை

5 சதவீதம் என்று போட்ட 2 மில்லி டிஸ்போசபிள் வேப்பில் (தீர்ந்ததும் தூக்கிப்போடும் ரகம்) 100 மில்லிகிராம் நிகோடின் இருக்கும். ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போவது ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம். இதை வெறும் மன உறுதியால் நிறுத்தப் பார்த்து, மூன்றாம் நாள் எரிச்சலில் மறுபடி எடுப்பதுதான் வழக்கமாக நடப்பது. நிகோடின் கம் உதவும், ஆனால் சாதாரணச் சூயிங்கம் போல மென்றால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிச்சம். சுருக்கென்று காரம் தெரியும்வரை மெல்லுங்கள், பிறகு கன்னத்தில் ஒதுக்குங்கள், காரம் அடங்கியதும் மறுபடி. அரை மணி நேரம் இப்படியே. அதற்கு முன் கால் மணி நேரம் காபி வேண்டாம், அது நிகோடின் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். 2 மில்லிகிராமா 4 மில்லிகிராமா என்பதை டாக்டர் சொல்லட்டும். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை.

விட்ட முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடலாம். அதைப் பார்த்து "வேப் இருந்தப்போ நல்லாத்தான் இருந்தேன்" என்று திரும்பாதீர்கள். நல்லாகிவிட்டது என்று ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தானாக நிறுத்துவதும் வேண்டாம். காலையிலும் மாலையிலும், மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் மூன்று முறை ஊதி, பெரிய எண்ணை எழுதி வையுங்கள். உங்கள் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் பேசுங்கள், 50-க்குக் கீழே போனால் நேராக மருத்துவமனைதான். இரண்டு மூன்று மாதம் கட்டுக்குள் நின்றால் அந்த நோட்டைக் காட்டுங்கள், டோஸைக் குறைக்கலாமா என்று டாக்டரே பார்ப்பார்.