நல்ல கொழுப்பு குறைந்திருந்தால்
இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எச்.டி.எல் எனப்படும் நல்ல கொழுப்பு, டெசிலீற்றருக்கு ஆண்களில் 40, பெண்களில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தாலும், அதை உயர்த்தும் மாத்திரையைத் தேடி ஹட்டனுக்கும் கண்டிக்கும் அலைய வேண்டியதில்லை. மாத்திரையால் அவ்வாறு உயர்த்துவதால் மாரடைப்பு குறைவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. முதலில் விட வேண்டியது, குளிருக்கு இதமென்று சொல்லிக்கொள்ளும் பீடியையும் சிகரெட்டையும்தான். நிறுத்திய சில வாரங்களிலேயே எச்.டி.எல் உயரத் தொடங்கும். காலையும் இரவும் கோதுமை மா ரொட்டி, இடையிடையே சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ என்னும் நம் மலையக வழக்கம் ட்ரைகிளிசரைட் என்னும் இன்னொரு இரத்தக் கொழுப்பைக் கூட்டி நல்ல கொழுப்பைக் குறைக்கக்கூடியது என்பதால், ஒரு வேளையாவது குரக்கன் மா ரொட்டியைச் சிறிதாகச் சுட்டு, பருப்போ கடலையோ சேர்த்து உண்ணலாம். கொழுந்து பறிப்பவர்கள் நாள் முழுதும் மலையேறி இறங்குகிறார்கள். கடையில் அமர்ந்திருப்போரே தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். வைத்தியர் எல்.டி.எல் எனப்படும் கெட்ட கொழுப்பைக் குறைக்க ஸ்டட்டின் மாத்திரை தந்திருந்தால், அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.